வேங்கைக்காட்டுக் குடிகள்

முன்னொரு காலத்தில், தூண்களின் மேல் ஆசை வைத்த அரசர் ஒருவர் இருந்தார். அண்டை நாட்டு மன்னரின் மரமண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மலையடிவாரத்து வேங்கைக்காட்டை வெட்டி, அதைவிடப் பெரிய மண்டபம் எழுப்பும்படி உத்தரவிட்டார்.

காட்டுக்குப் போன தச்சர்கள் வெட்டாமலே திரும்பினார்கள். அரண்மனைக்குள் அரசர் உட்பட யாரும் ஆயுதம் ஏந்தக்கூடாது என்பது அவருடைய பாட்டனார் வகுத்த சட்டம். அதனால் பெருந்தச்சர் இருளப்பர் கோடரியை வாயிலில் வைத்துவிட்டு வெறுங்கையுடன் வந்து நின்றார்.

"ஏன் வெட்டவில்லை?" என்றார் அரசர்.

"மரத்தைத் தொடுமுன்னே அதுல குடியிருக்கிறவங்களுக்குப் போக்கிடம் சொல்லணுங்க மகாராசா. அது எங்க வழக்கம். இன்ன இடத்துக்குப் போங்கன்னு சொல்லாம கோடரி வைக்கமாட்டோம். அந்தக் காட்டை விட்டா அவங்களுக்கு வேற இடம் இருக்கிறதா எங்களுக்குத் தெரியலைங்க."

அமைச்சர் விழுப்பரையர் சிரித்தார். "நமக்கு மரம் என்றால் உத்தரமும் தூணும். இவர்களுக்கு அது சத்திரமாம், அரசே."

"தெய்வம் கோயிலில் இருக்கிறது. காட்டில் இருப்பது வெறும் புதர்," என்றார் அரச குரு.

அரசருக்குப் பொறுமை போய்விட்டது. "போக்கிடம்தானே வேண்டும்? எல்லோரும் என் அரண்மனையில் வந்து இருக்கட்டும். இது என் வாக்கு."

அவையின் விகடகவி வெண்காடன் மேல் அமைச்சருக்கு வெகுநாள் எரிச்சல். அவர் யோசித்துச் சொல்வதையெல்லாம் ஒரே வார்த்தையில் கேலியாக்கிவிடுபவன் அவன். அமைச்சர் சட்டென்று எழுந்தார்.

"குடியேற்றும் வேலையை வெண்காடனிடம் விடுங்கள் அரசே. ஒரு குடி மிஞ்சினாலும் அவன் தலை போகட்டும்."

அரசர் தலையசைத்தார். வெண்காடன் அன்று கேலி எதுவும் பேசவில்லை. வணங்கிவிட்டுப் போனான்.

மறுநாள் அவை கூடியபோது, மூடிய கூடைகளைச் சுமந்த தச்சர்களுடன் அவன் வந்தான்.

"இவர்கள் ஒரே ஒரு மரத்தின் குடிகள், அரசே. மற்றவர்கள் பின்னால் வருகிறார்கள்."

இலைகளைச் சேர்த்துத் தைத்த செவ்வெறும்புக் கூடு ஒன்றை அமைச்சரின் ஆசனத்தருகே வைத்தான். சாரைப்பாம்பு இருந்த கூடையைக் குருவின் காலடியில் திறந்தான். குரு பதறி எழுந்தார்.

"வெறும் புதர்தான் சுவாமி, உட்காருங்கள்."

அதற்குள் அமைச்சர் வேட்டியை உதறிக்கொண்டு குதிக்கத் தொடங்கியிருந்தார். "எடுத்துக்கொண்டு போடா இதை."

"எங்கே போவது ஐயா? அரசர் கொடுத்த இடம் இதுதானே."

அவை சிரித்தது. அரசரும் சிரிக்க வாய் திறந்தார். அப்போது வெண்காடன் ஒரு தாய் ஆந்தையும் குஞ்சுகளும் இருந்த கூடையை அவர் முன் வைத்தான். அதன் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீரையும் வைத்தான்.

"இது வேரடி ஊற்றின் தண்ணீர். நகரத்துக் குளம் நிறைவது இதனால்தான். தண்ணீர் குடத்தில் வந்தது, ஊற்று வரவில்லை. நிழல் போனால் அதுவும் போய்விடும் என்கிறார் இருளப்பர். எங்கே போகும் என்று அவருக்கும் தெரியாது. ஒரு குடி மிஞ்சிவிட்டது அரசே. என் தலையை எடுத்துக்கொள்ளுங்கள்."

ஆந்தைக் குஞ்சு ஒன்று வெளிச்சத்தில் கண்கூசித் தாயின் இறகுக்குள் முகம் புதைத்தது. அரசர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு அந்தக் காடு என்ன, வெண்காடா?"

"அமைச்சருக்கு உத்தரம், குருவுக்குப் புதர், தச்சருக்குப் பலபேர் குடியிருக்கும் வீடு. யார் சொல்வது சரி என்று தீர்க்க எனக்கு அறிவு போதாது, அரசே. ஆனால் தச்சர் சொன்னதைக் கேட்டு அது தவறாக இருந்தால், உங்களுக்கு ஒரு மண்டபம் இல்லாமல் போகும். அமைச்சர் சொன்னதைக் கேட்டு அது தவறாக இருந்தால், ஊருக்குத் தண்ணீர் இல்லாமல் போகும்."

அரசர் குடத்துத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தார். "அரண்மனையில் இடம் தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டேனே. அதை எப்படி மாற்றுவது?"

"மாற்ற வேண்டாம். அரண்மனையின் எல்லையைக் காடுவரை நீட்டிவிடுங்கள். அவர்கள் இருந்த இடத்திலேயே இருப்பார்கள். உங்கள் வாக்கும் நிற்கும், என் தலையும் நிற்கும்."

காடும் இனி அரண்மனைதான் என்று அன்றே ஊரெங்கும் முரசு அறைந்தார்கள். கூடைகள் காட்டுக்குத் திரும்பின. மண்டபத்துக்குக் குறித்த இடம் வெறும் முற்றமாகவே கிடந்தது.

சில நாள் கழித்து அரசர் ஊற்றைப் பார்க்கப் போனார். காட்டின் ஓரத்தில் வெண்காடன் குறுக்கே நின்று கையை நீட்டினான்.

"வாளைக் கொடுங்கள் அரசே. அரண்மனைக்குள் ஆயுதம் கூடாது."

"யாரிடம் என்ன கேட்கிறாய்?" என்று சீறினார் உடன் வந்த விழுப்பரையர்.

அரசர் தம் இடுப்பு வாளைப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். வாளை அவிழ்த்துக் கொடுத்தார். தம் முத்துமாலையையும் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். வெறுங்கையுடன் மரங்களுக்குள் நடந்தார்.