வாளுக்கு வாக்கப்பட்டவள்

“நான்தான் எல்லாத்தையும் விட்டுட்டேனே சாமி. அப்புறம் ஏன் என்னை விடமாட்டேங்கிறாங்க?”

கேட்டவர் திருமலைக்கொழுந்து. இருபது நாளைக்கு முன்பு வரை நெடுங்காட்டுச் சீமைக்கு ராசா. இப்போது மலையடி மடத்தில் சீடர். வயது ஐம்பத்திரண்டு. குருவுக்கு முப்பதுகூட நிறையவில்லை.

குரு மாட்டுத் தொட்டியைத் தேங்காய் நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

ராசா பாவம், குழம்பிப்போயிருந்தார். எல்லாம் ஒரு கல்யாணத்தால் வந்த வினை.

அந்தச் சீமையில் ராசா பெண் வீட்டுக்குப் போய்த் தாலி கட்டுவதில்லை. அவருடைய வாள் போகும். மணவறையில் பெண்ணுக்குப் பக்கத்தில் வாளை வைப்பார்கள். ராசா வீட்டுப் பெண் ஒருத்தி தாலியை முடிவாள். அப்புறம் மணப்பெண் அந்த வாளைக் கையில் வாங்கிக்கொண்டு பல்லக்கேறுவாள். வழியில் அதை எங்கும் கீழே வைக்கக் கூடாது, வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது. அவள் கையிலிருந்து யார் வாங்குகிறாரோ அவர்தான் ராசா, அவர்தான் புருஷன்.

திருமலைக்கொழுந்துக்கு மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், பிள்ளையும் இல்லை. மந்திரிமார் பிய்த்துப் பிடுங்கி இன்னொரு கல்யாணத்துக்குச் சம்மதிக்க வைத்தார்கள். வாள் புறப்பட்டுப் போயிற்று.

போன மூன்றாம் நாள் மனுஷனுக்கு எல்லாமே வெறுத்துவிட்டது. முடி வேண்டாம் என்று ஓர் ஓலை எழுதி அரியணையில் வைத்தார். பணியாள் வேலப்பனைக் கூட்டிக்கொண்டு மடத்துக்கு நடையைக் கட்டினார்.

போன வாளை நினைத்தாரா என்றால், நினைக்கவே இல்லை. நல்ல ஆள்தான் போங்கள்.

அங்கே பெண் வீட்டில் சேதி தெரியாமல் தாலியை முடிந்துவிட்டார்கள்.

இப்போது ராசாவின் தம்பி, முடி எனக்கு, ஆகவே வாளும் எனக்கு, பெண்ணும் எனக்கு என்கிறார். அக்காள் மகன் சும்மா இருப்பானா? தாலியை முடிந்ததே எங்கம்மாதான், வாள் என் கைக்குத்தான் வரணும் என்கிறான். ஆற்றுக்கு அந்தக் கரையில் ஒருவர், இந்தக் கரையில் ஒருவர். இரண்டு பேரும் படையோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

நடுவில் மாட்டிக்கொண்டவள் ஆவுடை, அந்த மணப்பெண். யாரிடம் வாளைக் கொடுத்தாலும் மற்றவன் வெட்ட வருவான். திரும்பிப் போகலாமென்றால், தாலியும் வாளுமாக வருகிறவளைப் பெற்ற அப்பனே வாசலேற்ற மாட்டார். பல்லக்கை மடத்துப் பக்கம் திருப்பச் சொல்லிவிட்டாள். வந்து மூன்று நாளாகிறது.

மூன்று நாளும் வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தவன் வேலப்பன். ராசா சாமியாராகிவிட்டார் என்று சொன்னான். சீமை விவகாரம் எதுவும் இனி அவருக்கில்லை என்று சொன்னான். அப்போ என் விவகாரம் யாருக்கு என்று அவள் கேட்டாள். வேலப்பனுக்குப் பதில் தெரியவில்லை. உள்ளே வந்து ராசாவைக் கேட்டான். அவருக்கும் தெரியவில்லை.

“வாங்கினா நான் மறுபடி ராசா, மறுபடி புருஷன். வாங்கலைன்னா அவங்க வெட்டிக்கிட்டுச் சாவாங்க, அந்தப் பொண்ணு கதி அதோகதி. எதைச் செஞ்சாலும் தப்பா இருக்கே சாமி.”

குரு தொட்டியைக் கவிழ்த்து அழுக்குத் தண்ணீரைக் கொட்டினார்.

“இன்னைக்கு மாட்டுக்குத் தண்ணி காட்ட வேண்டியது உம்ம முறைதானே. காட்டினது யார்?”

“வேலப்பன்.”

“ம்.”

குரு தொட்டியை நிமிர்த்தி வைத்தார்.

“கல்யாணத்துக்கு வாளை அனுப்பினீர். முடியை இறக்க ஓலையை அனுப்பினீர். வாசலுக்கு வேலப்பனை அனுப்புறீர்.”

“ஆமா சாமி.”

“மடத்துக்கு யாரை அனுப்பினீர்?”

ராசாவுக்குக் காது மடல் வரை சுட்டது. அப்படியொரு வெட்கம் அவருக்கு அதுவரை வந்ததில்லை.

எழுந்தார். வேலப்பன் வழக்கம்போல முன்னால் ஓடினான். அவனை நிற்கச் சொல்லிவிட்டுத் தனியாக வாசலுக்குப் போனார்.

பல்லக்கிலிருந்து இறங்கி நின்றிருந்தாள் ஆவுடை. இருபது வயது இருக்கும். இவ்வளவு சின்னப் பெண் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. வாளைப் பிடித்துப் பிடித்து விரலெல்லாம் வீங்கியிருந்தது.

அவளும் அவரைப் பார்த்ததில்லை. மேலும் கீழும் பார்த்தாள்.

“இந்தத் தடவை உங்களை யார் அனுப்பினது?”

“யாரும் அனுப்பலை மகளே. நான்தான் திருமலைக்கொழுந்து.”

பல்லக்குத் தூக்கிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மகளே என்று ராசா வாயிலிருந்தே வந்துவிட்டது. இனி எவனும் அவளை அவர் பெண்டாட்டி என்று சொல்ல முடியாது.

ஆவுடைக்கும் அது காதில் விழுந்தது.

“குடு. ரெண்டு கரைக்கும் நானே போறேன். அப்புறம் உங்க அப்பாகிட்ட உன்னை நானே கொண்டுபோய் விடுறேன்.”

கொடுத்தாள். வாங்கியதும் அவர் கை இரண்டும் தாழ்ந்து போயின.

“என்ன இப்படிக் கனக்குது?” என்றார்.

“பதினோரு நாளாச்சுப்பா” என்றாள் ஆவுடை.