மட்கார்டில் விழுந்த ஒடுக்கு

தூத்துக்குடியில் தனசிங் என்பவரிடம் ஒரு ஹெரால்டு கார் இருந்தது. பாலாடை நிறம், இரண்டே கதவுகள். அதன் இடது முன் மட்கார்டில், தகடு உள்ளே நசுங்கிய ஓர் ஒடுக்கு. அந்த ஒடுக்கை என்ன செய்வது என்பதில் ஒரு குடும்பம் மாட்டிக்கொண்ட கதை இது. முடிவில் தீர்ப்பு உங்களுடையது என்பதால் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.

தனசிங் தம் மனைவி அன்னபாக்கியத்துக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சபையார் எல்லாரும் வெளியே நிற்க, அன்னபாக்கியம் முதல்முறையாகத் தனியே வண்டியை எடுத்தார். தேவாலயத்தின் வாசல் தூணில் இடித்தார்.

அதன் பிறகு வீட்டுக்கு யார் வந்தாலும் தனசிங் அவர்களைக் கார் பக்கம் அழைத்துப்போய் ஒடுக்கைத் தடவிக் காட்டுவார். "இடிச்ச அன்னைக்கே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போங்கன்னு ஒரே பிடியா நின்னா. கொண்டு போவேனா? எங்க வீட்டம்மா போட்ட கையெழுத்துல்லா இது" என்பார். வந்தவர்கள் சிரிப்பார்கள். காப்பித் தட்டோடு நிற்கும் அன்னபாக்கியமும் சிரிப்பார்.

பிள்ளைகள் ஆசீருக்கும் பியூலாவுக்கும் அந்த ஒடுக்கு விளையாட்டுச் சாமான் மாதிரி. மணப்பாடு கடற்கரையில் கார் நிற்கும்போது, யார் உள்ளங்கை அதில் சரியாகப் பொருந்துகிறது என்று மாறி மாறி வைத்துப் பார்ப்பார்கள். தொடையைச் சுடும் ரெக்சின் சீட்டு, பெட்ரோல் வாசனை, திரும்பும் வழியெல்லாம் அப்பா அடிக்கும் சீட்டி. வளர்ந்த பிறகும், சிறுவயது என்றால் ஆசீருக்கு அந்தக் கார்தான் நினைவுக்கு வரும்.

தனசிங் படுக்கையில் விழுந்தபோது கார் ஷெட்டில் முடங்கி வெகுகாலம் ஆகியிருந்தது. உப்புக்காற்று அதன் தரைத் தகட்டை அரித்துத் தின்றிருந்தது. "எப்படியாவது அதை ஓட வச்சிருல. உங்கம்மா கையெழுத்துல மட்டும் கை வைக்காத" என்றார் மகனிடம். வைக்க மாட்டேன் என்று ஆசீர் வாக்குக் கொடுத்தான்.

அவர் காலமான பிறகு ஆசீர் வேலையைத் தொடங்கினான். அவனுக்கு வங்கி உத்தியோகம். தகட்டைத் தட்டிச் சீராக்கும் டிங்கர் வேலை தெரியாது. ஒரு வெல்டிங் மெஷின் வாங்கி, உடைந்த பீரோவின் கதவை வெட்டி வெட்டி ஒட்டிப் பழகினான். பிறகு காரின் துருப்பிடித்த தகட்டை அறுத்தெடுத்துப் புதுத் தகட்டைப் பற்றவைத்தான். அடுத்தது காரின் மற்ற இடங்களில் விழுந்திருந்த ஒடுக்குகளை எடுக்கும் வேலை. அதற்கு ஒருவர் உள்பக்கம் கனத்த இரும்புக் கட்டையை அணைகொடுத்துப் பிடிக்க, இன்னொருவர் வெளியிலிருந்து சுத்தியலால் மெல்லத் தட்ட வேண்டும். கட்டையைப் பிடித்தவள் பியூலா.

"பேங்க்ல சீல் குத்துற மாதிரி குத்தாத அண்ணே. தகடு பாவம்."

"அப்ப நீயே அடி" என்று ஆசீர் சுத்தியலை நீட்டுவான். இப்படியே அவளும் கற்றுக்கொண்டாள்.

கதவில், பின்பக்கத்தில், கூரையில் இருந்த ஒடுக்கெல்லாம் போயின. மட்கார்டில் இருந்ததை மட்டும் ஆசீர் தொடவில்லை. அதன் மேலேயே அழகாகப் பெயின்ட் அடித்தான்.

ஒரு சனிக்கிழமை மாலை அம்மாவை ஷெட்டுக்கு அழைத்து வந்தான். "நாளைக்குக் கோயிலுக்கு இதுலதான்மா போறோம்."

அன்னபாக்கியம் காரைச் சுற்றி வந்து இடதுபக்கம் நின்றார். "எல்லாத்தையும் எடுத்திருக்க. இதை ஏன்யா எடுக்கல?"

"அது உன் கையெழுத்துல்லாம்மா."

"நான் கையெழுத்துப் போட்டா எம்பேரு இருக்கும். இதுல எங்க இருக்கு?" என்றார் அவர். தொடர்ந்து, "அந்தத் தூண்ல இடிச்சதுக்கப்புறம் நான் சாவியைத் தொடல. இன்னொண்ணு இடிச்சா அதுக்கும் ஆளைக் கூட்டிட்டு வந்து காட்டுவாரேன்னுதான். எனக்கு ஒரு ஆட்டோ சொல்லிரு. இந்த வண்டில அந்த வாசலுக்கு நான் வரல" என்றார்.

அம்மாவை உட்காரவைத்து ஓட்டத்தான் அவன் அத்தனை பாடும் பட்டது. "அப்பாகிட்ட வாக்கு குடுத்துட்டேனேம்மா" என்றான்.

"நான் குடுக்கல" என்றாள் பியூலா.

ஆசீர் பானட்டைத் தூக்கி முன்பக்கமாகச் சாய்த்தான். அந்தக் காரில் மட்கார்டும் அதோடு சேர்ந்தே எழும். உள்பக்கம் கைக்கு எட்டும். சுத்தியலையும் கட்டையையும் எடுத்துத் தரையில் வைத்தான். வீட்டுக்குள் போய் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டான்.

கட்டையை அன்னபாக்கியம் பிடித்தார். பியூலா தட்டினாள்.

"கை நோவுதாம்மா?"

"நீ அடிளா."

பெயின்ட் உரிந்து விழுந்தது. தகடு கொஞ்சம் கொஞ்சமாக மட்டத்துக்கு வந்தது. துரு ஏறாமலிருக்க அந்த இடத்தில் சிவப்பு பிரைமரைப் பூசினார்கள்.

மறுநாள் காலை, மட்கார்டில் பெரிய சிவப்புத் திட்டோடு கார் வாசலில் நின்றது. அன்னபாக்கியம் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். ஆசீர் திட்டைப் பார்க்காமல் வண்டியை எடுத்தான்.

தன் கையால் தொடாமல் வாக்கைக் காத்து, கருவிகளை மட்டும் எடுத்துவைத்தான் ஆசீர். வாக்குக் கொடுக்காததால் சுத்தியலைத் தூக்கினாள் பியூலா. கணவர் இருந்தவரை சிரித்துவிட்டு, அவர் போன பிறகு எடுக்கச் சொன்னார் அன்னபாக்கியம். மூவரில் யார் செய்தது சரி?

விடை: அன்னபாக்கியம் காலம் கடந்து கேட்டார் என்று தோன்றலாம். ஆனால் அவர் இடித்த அன்றே கேட்டுவிட்டார். அதைத் தனசிங்கே வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். வேடிக்கையோடு வந்ததால் யார் காதிலும் ஏறவில்லை. ஆக, அவர் கேட்டது முன்னால், ஆசீர் கொடுத்த வாக்கு பின்னால். அம்மா கேட்டதை மறுக்கும் வாக்கைக் கொடுக்க மகனுக்கு உரிமை இல்லை. எனவே அன்னபாக்கியம் கேட்டதும் சரி, பியூலா தட்டியதும் சரி. ஆசீரைப் பற்றித்தான் என்னால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வாக்கு பெரிது என்றால் தங்கையைத் தடுத்திருக்க வேண்டும். அம்மா பெரிது என்றால் சுத்தியலைத் தானே எடுத்திருக்க வேண்டும். அவன் இரண்டையும் செய்யவில்லை, அது குறைதான். ஆனால் அந்த மாலை அவன் டிவியில் என்ன பார்த்துக்கொண்டிருந்தான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. அதை நினைக்கும்போது குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.