அத்தைமார் அடுப்புக்கு நடுவிடம்

முன்னொரு காலத்தில், ஒரு நாட்டு ராஜசபைக்கு ஆறிப்போன ரசம் ஒன்று வழக்காக வந்து சேர்ந்தது. மற்ற நாடுகளில் படையெடுப்பு வரும், பஞ்சம் வரும். அந்தப் புண்ணிய பூமியில் ரசம் வந்தது.

அந்த நாட்டு மன்னர் மகுடவர்மர் பிறந்த பத்தாம் நாளே தாயை இழந்தவர். அவரைத் தூக்கி வளர்த்தவர்கள் அவருடைய அத்தைமார் மூவர். மூவருக்கும் பிள்ளை கிடையாது, அவர்தான் பிள்ளை. அவர் வளர்ந்து அரியணை ஏறிய பிறகு ஒருநாள், குழந்தையில் அவருக்கு முதல் சோறு ஊட்டியது யார் கை என்பதில் மூவருக்கும் தகராறு வந்து, கோட்டைக்குள்ளேயே ஆளுக்கொரு மாளிகைக்குப் பிரிந்து போனார்கள். பேச்சு நின்று பத்து வருஷம் ஆயிற்று. ஆனால் மூவரும் தினமும் தங்கள் கையால் சமைத்து மன்னருக்கு அனுப்பிக்கொண்டுதான் இருந்தார்கள். மன்னரும் மூன்று சாப்பாட்டையும் சாப்பிட்டு, அதற்கேற்ற வயிற்றோடு விளங்கினார்.

பெரிய அத்தையின் மாளிகை கிழக்கே, அரண்மனைக்குப் பக்கம். சின்ன அத்தையின் மாளிகை மேற்குக் கோடியில். அங்கிருந்து ரசம் வந்து சேர்வதற்குள் அதன் மேல் தாளித்த நெய் உறைந்துவிடும். ஒருநாள் சின்ன அத்தை நேரே சபைக்கே வந்துவிட்டாள்.

"ஏங் கண்ணு, எங் கையால குடுத்தது மட்டும் ஒனக்கு ஆறிப்போயிதான் கெடைக்கணுமா?" என்று கேட்டு, முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

மன்னர் சபையைப் பார்த்துத் திரும்பினார். "மூன்று அத்தையரின் வீட்டுக்கும் சரிசமமான தூரத்தில் ஓர் இடம் காணுங்கள். அங்கே மண்டபம் கட்டுவோம். இனி அங்கேதான் உண்போம்" என்றார்.

உடனே எழுந்தார் ஏகாம்பர கணியர். சபையின் கணிதப் பண்டிதர். வட்டமும் முக்கோணமும் அவருக்குச் சொந்தப் பிள்ளைகள் மாதிரி. ஆனால் பாவம், அவர் முக்கோணத்தைப் பற்றி விளக்க ஆரம்பித்தால் மன்னர் கொட்டாவி விடுவார். விகடன் கூத்தபிரான் தும்மினாலே போதும், சிரிப்பார். இது கணியருக்குப் பன்னிரண்டு வருஷ வயிற்றெரிச்சல்.

"மன்னா, வீடு என்றால் வாசலா, கொல்லையா என்று ஐயம் எழும். சோறு புறப்படும் இடம் அடுப்பு. ஆகவே, 'அத்தையர் மூவரும் மன்னருக்குச் சமைக்கும் அடுப்புகள் மூன்றிலிருந்தும் சரிசம தூரத்தில்' என்று எழுதுவதே கணித முறை. மேலும், அவ்விடத்தில் எது நின்றாலும், எவருடையதானாலும், அகற்றிவிட்டே மண்டபம் எழும்ப வேண்டும். இடம் காணும் பெருமையை நம் கூத்தபிரானுக்கே அளிக்கலாம். எத்தனை நாள்தான் அவர் வாயாலேயே பிழைப்பது?"

சபை சிரித்தது. மன்னரும் ஓலையில் முத்திரை வைத்து, ஏழு நாள் தவணை கொடுத்துவிட்டார். கணியர் ஏன் இத்தனை இனிப்பாகப் பேசுகிறார் என்று கூத்தபிரானுக்கு அப்போது விளங்கவில்லை.

விகடன் என்றாலும் கூத்தபிரானுக்குக் கணக்கு வரும். பெரிய அத்தையின் அடுப்படியில் ஒரு முளையடித்து, நீளக் கயிறு கட்டி, ஊருக்குள் ஒரு வில்லாகக் கோடிழுத்தான். அதே நீளக் கயிற்றை நடு அத்தையின் அடுப்படியில் கட்டி இன்னொரு வில். இரண்டு வில்லும் வெட்டிக்கொள்ளும் இரண்டு இடங்களைச் சேர்த்து ஒரு நேர்கோடு. அந்தக் கோட்டில் எங்கே நின்றாலும் இரண்டு அடுப்பும் ஒரே தூரம். பிறகு நடு அத்தைக்கும் சின்ன அத்தைக்கும் இடையே அதேபோல இன்னொரு கோடு. இரண்டு கோடும் சந்திக்கும் இடம்தான் மூன்றுக்கும் பொது. உலகத்திலேயே அப்படி ஓர் இடம்தான் உண்டு.

ஆனால் நடு அத்தையின் மாளிகை மற்ற இரண்டுக்கும் இடையே, கொஞ்சம் வடக்கே ஒதுங்கி, ஏறக்குறைய ஒரே வரிசையில் இருந்தது. அப்படிப்பட்ட சப்பை முக்கோணத்துக்கு நடுவிடம் உள்ளே இருக்காது; எங்கேயோ வெளியே தள்ளிப் போய் நிற்கும். கோடுகள் இரண்டும் தெற்கே போயின. கடைத்தெருவைத் தாண்டின. கோட்டை வாசலையும் தாண்டின. ஐந்தாம் நாள் நண்பகலில், கயிற்றைப் பிடித்துக்கொண்டே போன கூத்தபிரான், தன் வீட்டுக்குள் நுழைந்து, தன் சமையலறையில், தன் மனைவி உலகம்மையின் முன்னால் போய் நின்றான்.

அவள் கரண்டியோடு திரும்பினாள். "என்னங்க, கயித்தோட வர்றீங்க? மாடு கீடு வாங்கியாந்தீங்களா?"

கூத்தபிரான் கயிற்றைக் கீழே போட்டான். கணியரின் இனிப்பு இப்போது விளங்கிவிட்டது. மனுஷன் மணல் பலகையில் எல்லாவற்றையும் முன்பே போட்டுப் பார்த்திருக்கிறார். விஷயத்தை மனைவியிடம் சொன்னபோது அவன் குரல் அடங்கிப்போயிற்று.

அந்த வீட்டின் சுவரில் பாதி உலகம்மை மிதித்த மண். கல்யாணமான புதிதில் மூன்று மழைக்காலம் ஓலைக்கீற்றுக்குக் கீழே நனைந்து கிடந்து, கொஞ்சம் கொஞ்சமாக இருவரும் எழுப்பிய வீடு. அவள் சுவரில் கை வைத்து நின்றாள்.

"நாப்பது அடி தள்ளி முளைய அடிச்சுட்டா?" என்றாள்.

"அங்க எண்ணெய்க்கார வீரம்மா வீடு இருக்கே, உலகம்."

"ஆமால்ல. அதுவும் பாவம்." அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள். மூன்று கல் வைத்த அடுப்பு. பெரிய பானையைத் தூக்கி வைத்தாள், அது சாய்ந்தது. பானையை இறக்கிவிட்டு, ஒரு கல்லைக் காலால் கொஞ்சம் வெளியே தள்ளினாள். மறுபடி வைத்தாள். பானை மூன்று கல்லிலும் நன்றாக உட்கார்ந்தது.

கூத்தபிரான் வாயைப் பிளந்தபடி பார்த்தான். "கல்லையா நகத்துன?"

"பின்ன என்ன, பானையவா செதுக்குவாங்க? ஒங்களுக்கு இன்னிக்கு என்ன ஆச்சு?"

அவனுக்கு என்ன ஆயிற்று என்று சொல்ல நேரமில்லை. ஓலையை எடுத்து ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு ஓட்டமாக ஓடினான். மூன்று மாளிகைக்கும் தனித்தனியாகப் போய், ஒரே விஷயத்தைச் சொன்னான். நாளை மறுநாள் மன்னருக்கு, சின்ன வயதில் போல அத்தையின் அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிட வேண்டுமாம். தூக்குகிற மண் அடுப்போடு அரண்மனை நந்தவனத்துக்கு வந்துவிடுங்கள். மற்ற இருவரும் வருகிறார்கள் என்பதை மட்டும் மூவரிடமும் சொல்ல மறந்துவிட்டான். அவன் ஞாபகசக்தி அவனுக்கு வேண்டியபடிதான் வேலை செய்யும்.

ஏழாம் நாள். சபை முழுவதையும் நந்தவனத்துக்கு அழைத்தான் கூத்தபிரான். கணியர் பல்லக்கில் வந்து, புல்வெளியின் நடுவே இறங்கி, முகம் சுளித்தார்.

"மன்னா, இவர் ஏன் நம்மை இங்கே அழைத்து வந்தார்? இடம் தெற்கு வாசலுக்கு வெளியே அல்லவா?"

"இடம் கணியருக்கு முன்பே தெரிந்திருக்கிறதே, அரசே. பின் எனக்கு எதற்கு ஏழு நாள்?" என்றான் கூத்தபிரான். மன்னர் கணியரை ஒரு பார்வை பார்த்தார். கணியர் தாடியைத் தடவிக்கொண்டார்.

"அரசே, கணியர் சொல்லும் இடத்தையும் கண்டேன். அங்கே போனால் மூன்று ரசமும் சரிசமமாக ஆறிப்போகும். ஆனால் ஓலை கேட்பது, தங்களுக்குச் சமைக்கும் அடுப்புகளை. இன்று அவை எங்கே எரிகின்றன என்று பாருங்கள்."

கை காட்டிய திசையில் அப்போதுதான் பார்த்த கூத்தபிரான், நீட்டிய கையை மெல்ல இறக்கினான். அத்தைமார் மூவரும் வந்திருந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூடாது என்பதற்காக, மூவரும் கிழக்கே பார்த்து, மதில் நிழலில், ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராக அடுப்பு மூட்டியிருந்தார்கள். கிழக்கு நுனியில் பெரியவள், நடுவில் சின்னவள், மேற்கு நுனியில் நடு அத்தை. நூல் பிடித்தாற்போல் ஒரே கோடு.

கணியர் அன்றுதான் வாழ்க்கையில் முதல்முறையாகச் சிரித்தார். "நேர்கோட்டில் நிற்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டுச் செல்லும் வட்டம் எவ்வுலகிலும் இல்லை, மன்னா. வட்டம் இல்லையேல் நடுவிடமும் இல்லை. விகடர் தோற்றார்."

அது உண்மைதான். கூத்தபிரானுக்குச் சமையலறைச் சுவரில் கை வைத்து நின்ற உலகம்மைதான் கண்ணில் நின்றாள். கிழக்குக் காற்று வீசியது. பெரியவளின் அடுப்புப் புகை முழுவதும் பின்னாலிருந்த சின்னவள் முகத்தில் அடித்தது. அவள் இருமினாள். மறுபடியும் இருமினாள்.

கூத்தபிரான் பெரிய அத்தையின் பக்கத்தில் போய்க் குந்தினான். "சின்ன அத்தையாருக்கு இந்த இருமல் எத்தனை நாளாக, அம்மா?"

பெரியவள் திரும்பவில்லை. கரண்டி மட்டும் நின்றது. "நாளென்ன நாளு. பொறந்ததுலேருந்தே அவளுக்குப் பொகை ஆகாது. அம்மா அவளை அடுப்படிப் பக்கமே விடமாட்டாங்க. அவ பங்கு வேலையும் நாந்தான் செய்வேன்." பின்னால் இருமல் நிற்கவில்லை. பெரியவள் சட்டென்று எழுந்தாள். யாரையும் எதிர்பார்க்காமல், முந்தானையைச் சுருட்டிப் பிடித்து, எரிகிற அடுப்பைத் தானே தூக்கிக்கொண்டு, புல்வெளியைக் கடந்து எதிர்ப்பக்கம் கொண்டுபோய் வைத்தாள். வைத்துவிட்டுத் திரும்பியதும், பத்து வருஷத்துக்குப் பிறகு தங்கையின் முகம் நேரே தெரிந்தது.

"தண்ணி குடிடி மொதல்ல," என்று அங்கிருந்தே அதட்டினாள்.

"நீ வெயில்ல உக்காராதக்கா," என்றாள் சின்னவள். நடு அத்தை செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.

மன்னர் கண் கலங்கிப் போனார். கூத்தபிரானும் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். ஆனாலும் பிழைப்பு முக்கியம் அல்லவா? "கணியரே, இப்போது முக்கோணம் வந்துவிட்டது. நடுவிடத்தைத் தாங்களே அளந்து சொல்லுங்கள்" என்றான்.

கணியருக்குப் பொறாமை உண்டே தவிர, கணக்கில் பொய் சொல்லும் பழக்கம் கிடையாது. தன் கயிற்றை எடுத்தார். வில்கள் இழுத்தார், கோடுகள் போட்டார். கோடுகள் சந்தித்த இடத்தில் அவருடைய பல்லக்கு இறக்கி வைக்கப்பட்டிருந்தது.

"எது நின்றாலும், எவருடையதானாலும்..." என்று ஓலையை மெல்லப் படிக்கத் தொடங்கினான் கூத்தபிரான்.

மன்னர் விழுந்து விழுந்து சிரித்தார். பல்லக்கு தூக்குவோரும் சிரித்தார்கள். "உடைக்க வேண்டாம், அரசே. அகற்றினால் போதும்" என்று கூத்தபிரானே பரிந்து பேசினான். பல்லக்கு நகர்ந்தது. "மண்டபம் இங்கேயே எழும்பட்டும், அடுப்புகளும் இனி இங்கேயே எரியட்டும்" என்று சொல்லி, அங்கே மணை போட்டு மன்னர் அமர்ந்தார். மூன்று பக்கத்திலிருந்தும் ஆவி பறக்கும் ரசம் ஒரே நேரத்தில் வந்தது. அதில் யாருக்கு முதலில் கை நீட்டுவது என்று புதுத் தகராறு தொடங்கியது. ஆனால் இந்த முறை மூவரும் ஒருவரோடொருவர் பேசித் தகராறு செய்தார்கள். மன்னர் சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனார்.

"என்ன வேண்டும், கேள்" என்றார்.

"என் வீட்டு மண்ணில் இனி யாருடைய கயிறும் விழக் கூடாது, அரசே."

மன்னர் அப்படியே செப்பேடு எழுதிக் கொடுத்தார். அந்த நாட்டில் நிலத்தை அளந்துதான் வரி போடுவார்கள். அளக்கக் கூடாத வீட்டுக்கு வரி ஏது?

சாயங்காலம் கூத்தபிரான் வீட்டுக்கு வந்தபோது, உலகம்மை பாத்திரங்களையெல்லாம் மூட்டை கட்டி வாசலில் வைத்துவிட்டு, வெறும் வீட்டைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்தாள். போகிற வீடானாலும் குப்பையோடு விட அவளுக்கு மனசு வரவில்லை. அவன் செப்பேட்டை அவள் கையில் கொடுத்தான். அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டாள். தெருவென்றும் பாராமல் ஓவென்று அழுதாள். அழுது முடித்து, முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்த மூட்டையப் பிரிங்க. உலை வெக்கணும்" என்றாள்.