அப்பாவுக்கு ஒரு அட்டை

இந்தக் கதையில் ஒருத்தன் ஏமாறப்போகிறான். அவன் முழிக்கிற முழியைப் பார்த்து உங்களுக்கு ஒரு சிரிப்பு நிச்சயம். ஆனால் அதை இப்போதே தரமாட்டேன். கொஞ்சம் பொறுங்கள்.

செசிலி அக்காவின் மருந்துக்கடை பழைய துறைமுகத்துக்குப் போகும் சாலையில் இருக்கிறது. யார் வந்து என்ன கேட்டாலும், மருந்தை எடுக்கும் முன் அக்கா ஒரு கேள்வி கேட்பார்.

“வேற ஏதும் மாத்திரை சாப்பிடுதீங்களா?”

நேற்று வந்தவர் இன்று வந்தாலும் அதே கேள்விதான்.

மீன் விற்கும் லூர்தம்மாள் எரிந்து விழுவார். “ஏம்மா, நேத்துதானே கேட்டே? ஒரு நாளைக்குள்ள நான் என்ன ஆஸ்பத்திரியையே முழுங்கிட்டேனா?”

ஏட்டையா மீசையைத் தடவிக்கொள்வார். “ஊரை விசாரிக்கிறது நாங்க. எங்களையே விசாரிக்கியளே!”

அக்கா சிரிக்கமாட்டார். பதில் வரும்வரை அவர் கை அலமாரிப் பக்கம் போகாது.

இந்தக் குரல்கள் எல்லாம் எனக்கு அத்துப்படி. பள்ளிக்கூட நாளிலிருந்தே லீவு விட்டால் அந்தக் கடையில்தான் கிடப்பேன். கூட்டம் இல்லாத நேரத்தில் ஒவ்வொரு குரலாக எடுத்துவிடுவேன். அக்கா எனக்கு வைத்த பெயர் ரேடியோ.

குணசீலன் அப்படி இல்லை. மருந்தாளர் படிப்பில் வகுப்பிலேயே முதல் ஆள். பயிற்சிக்காகப் போன மாதம்தான் வெளியூரிலிருந்து கடைக்கு வந்தான். வந்ததிலிருந்து அவனுக்கு ஒரே சந்தேகம்.

“அக்கா, புது ஆள்கிட்ட கேக்கணும், சரி. வருஷக்கணக்கா வர்றவங்ககிட்ட எதுக்கு? பாதிப் பேர் சலிச்சுப்போய் எதிர்க்கடைக்குப் போறாங்க. அவங்களைத்தான் நமக்கு நல்லாத் தெரியுமே?”

அக்கா தன் கையிலிருந்த மாத்திரை அட்டையில், காலாவதித் தேதி இருக்கிற பக்கத்தை விட்டுவிட்டு, கேட்ட மாத்திரைகளை மட்டும் வெட்டி எடுத்தார். மீதியை டப்பாவில் போட்டார்.

சிரிப்பு எங்கே என்கிறீர்களா? வருகிறது.

மறுநாள் காலை அக்கா என்னை மட்டும் சரக்கு வைக்கும் அறைக்குள் கூப்பிட்டார்.

“ரேடியோ, எங்க அப்பா குரல் உனக்கு வரும்லா?”

வராமலா? மிக்கேல் ஐயா ரயில்வேயில் கார்டாக இருந்தவர். போனில் பேசினாலும் ரயிலின் கடைசிப் பெட்டியிலிருந்து இஞ்சினுக்குக் கூப்பிடுகிற மாதிரிதான் இருக்கும். பேசும் முன் இரண்டு தடவை செருமல். நான் அவர் எதிரிலேயே அவரைப்போலப் பேசிக் காட்டுவேன். “ஏல, இதுல எவம்ல நான்?” என்று கேட்டுவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரிப்பார்.

அக்கா, நான் போனில் என்ன பேசவேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். வரிக்கு வரி.

அக்காவே ஒருத்தனை ஏமாற்றக் கூப்பிடுகிறார்! மறுப்பேனா? ஆனால் முதல் தடவை தொண்டை ஒத்துழைக்கவில்லை. அந்தக் குரலை எடுத்து ரொம்ப நாளாகியிருந்தது.

இரண்டாம் தடவை வந்துவிட்டது. கடை எண்ணுக்குப் போன் போட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் குணா எடுத்தான்.

“க்கும்... க்கும். யாரு, குணசீலனா? ஏல தம்பி, நான் மிக்கேலு. உங்க முதலாளியம்மாவைப் பெத்தவன்.”

“ஐயா, வணக்கம்! சொல்லுங்கய்யா.”

“முட்டி உசிரை வாங்குது. எனக்கு டாக்டர் எழுதுன வலி மாத்திரைச் சீட்டு அங்கதான் கிடக்கு. அதைப் பார்த்து ஒரு அட்டை எடுத்து வை. ஆள் வரும்.”

“இப்பவே எடுத்து வைக்கிறேன்யா. அக்காகிட்ட குடுக்கவா?”

“அவகிட்டயா? பெத்த அப்பன்னும் பாக்காம பரீட்சை வைப்பாளே!”

குணா வாய்விட்டுச் சிரித்தான். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அக்காவும் சிரிப்பார் என்று திரும்பிப் பார்த்தேன்.

அக்கா சுவரில் சாய்ந்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

பிறகு வெளியே போனார். நானும் பின்னாலேயே போனேன்.

“அக்கா, அப்பா பேசினாங்க. செம ஜாலியான ஆளு!” என்றான் குணா. பொட்டலம் தயாராக மேசைமேல் இருந்தது. “வலி மாத்திரை கேட்டாங்க. சீட்டைப் பார்த்து எடுத்து வெச்சிட்டேன்.”

“வேற ஏதும் மாத்திரை சாப்பிடுதாரான்னு கேட்டியா?”

“அக்கா! உங்க அப்பாகிட்டயுமா? நீங்களே கேட்டிருக்க மாட்டீங்க.”

“கேக்கலை,” என்றார் அக்கா.

“பாத்தீங்களா!” என்று குணா கைதட்டினான்.

அக்கா பொட்டலத்தைப் பிரித்து அட்டையைக் கையில் எடுத்தார்.

“முன்னால ஒரு நாள் அவரு இதே மாதிரி போன்ல வலி மாத்திரை கேட்டாரு. அதுக்குக் கொஞ்ச நாள் முன்னாலதான் நெஞ்சு டாக்டர் அவருக்கு ரத்தம் உறையாம இருக்க ஒரு மாத்திரை குடுத்திருந்தாரு. மக பயப்படுவாளேன்னு எங்கிட்ட மூச்சு விடலை. நான் இதே மாதிரி ஒரு அட்டையைக் குடுத்து அனுப்பினேன். ரெண்டும் சேர்ந்தா என்ன ஆகும்? நீ படிச்சிருப்பியே.”

குணா வகுப்பில் எழுந்து நிற்பதுபோல நிமிர்ந்தான்.

“ரத்தப்போக்கு ஆகலாம்க்கா. வயித்துக்குள்ளயே கசியும். வெளியே தெரியாது. சரியான நேரத்துல கவனிக்கலைன்னா, நோயாளி...”

நிறுத்தினான்.

என் கையிலிருந்த போனைப் பார்த்தான். அக்கா கையிலிருந்த அட்டையைப் பார்த்தான்.

“இப்பப் பேசினது?”

“ரேடியோ.”

“அப்போ... ஐயா?”

அக்கா அட்டையை அதன் டப்பாவில் திரும்ப வைத்து மூடினார்.

“அன்னைக்கும் குரல் இப்படித்தான் நல்லா இருந்துச்சு, குணா.”