சாம்பலில் நான்காம் தடம்

கள்ளியூர்ச் சுடலையில் பிணஞ்சுடுவது பொறையனார் தொழில். சிதை மூட்டுமுன் நெற்றியில் நீறிட்டு ஐந்தெழுத்தை ஓதுவார். அவ்வைந்தில் ஒன்றையும் எழுத அறியார். தாயற்ற மகள் கொன்றையாவது அறியட்டுமென்று அவளை ஆசிரியர் மருதங்கிழாரின் பள்ளியில் சேர்த்தார்.

பிணஞ்சுடும் அவருக்கு உள்ளே புக இடமில்லை. ஆதலால் ஆசிரியருக்கு எதிரே, தாழ்ந்த மண்சுவருக்கு வெளியே நின்று, மணலில் அவர் விரல் போகும் போக்கைக் கண்ணால் பற்றிக்கொள்வார். உச்சிப்பொழுதில் சுடலையிலே ஆறிய சாம்பலைப் பரப்பி, அதையே மகளுக்கு எழுதிக் காட்டுவார்.

"பேய்க்கு ஓலை விடுகிறாயோ, பொறையா?" என்று நகைப்பர் வழிப்போவோர்.

"என் ஐயன் ஆடுகிற இடமாயிற்றே. அவனுக்குத்தான்," என்பார்.

ஒருநாள் ஆசிரியர் கொன்றையைச் சுவரருகே அழைத்துவந்தார். "எல்லா எழுத்தையும் தலைகீழாகவே எழுதுகிறாள், பொறையா. பேய் பிடித்த பெண்ணை விலக்கு என்கிறார்கள் ஊரார். அவளைச் சோதித்துப் பார்க்க ஒரு மண்டலம் தவணை வாங்கியிருக்கிறேன்."

பொறையனார் கைகூப்பினார். "நான் காட்டித்தருவதைத்தானே எழுதுகிறாள், ஐயா? இங்கே நின்று கண்டதைத்தான் காட்டினேன்."

மருதங்கிழார் சுவரைக் கடந்து அவரருகே நின்று தம் மணலை நோக்கினார். எழுத்தெல்லாம் தலைகீழாய்க் கிடந்தது. "நான் ஒருபுறம் இழுத்தேன், நீ மறுபுறம் இழுத்தாய், பிள்ளை என்ன செய்வாள்? வீட்டில் என்ன நடக்கிறதென்று நான் கேட்டதேயில்லை. பிழை என்னுடையது."

அன்று முதல் உச்சிதோறும் அவர் சுடலைக்கு வந்தார். மூவரும் ஒரே பக்கம் அமர்ந்தனர். ஆசிரியர் விரலைத் தந்தை விரல் தொடரும். தந்தை விரலை மகள் விரல் தொடரும். காகமும் கரையாத அவ்வெளியில் ஓதும் குரல் சிலவேளை ஒன்று மிகுந்து கேட்டது. எழுந்தபின் பார்த்தால் சாம்பலில் நால்வர் அமர்ந்த தடம் இருக்கும். ஆசிரியர் எண்ணினார், மீண்டும் எண்ணினார்.

மண்டலம் நிறைந்தது. ஊரார் சுடலையின் எல்லையில் வந்து நின்றனர். சோதிக்க எதை எழுதுவதென்று ஆசிரியர் எண்ணுகையிலேயே, காற்றில்லாத வெயிலில் சாம்பல் தானே அசைந்தது. காணாத விரலொன்று அதை மெல்லக் கீறிச் சென்றது. கூட்டம் பின்வாங்கியது. கொன்றை மட்டும் குனிந்து, எழுத்துக் கூட்டினாள்.

"நம்... அடியார்... பொறையனார்." நிமிர்ந்தாள். "அப்பா, உங்களைத்தான் எழுதியிருக்கிறது!"

தம் பெயரின் வடிவைப் பொறையனார் அன்றுதான் கண்டார். கண்டு, சாம்பலிலே வீழ்ந்து தொழுதார். ஆசிரியரும் உடன் வீழ்ந்தார்.

ஒரு பிள்ளைக்காக ஒருபுறம் அமர்ந்த அவ்விருவரின் திருவடிகளுக்கு எம் தலை தாழ்வதாக.