நழுவிய கம்பி

கத்தி பிடித்துப் பேர் வாங்கிய அறுவை மருத்துவர் தணிகாசலம். ஐம்பது வயதுக்கு மேல், தன்னைவிடச் சின்னவரான டாக்டர் ரெஜினாவிடம் வந்து, ரத்தக் குழாய்க்குள் கம்பி விடும் வேலையைக் கற்றுக்கொண்டிருந்தார்.

ரெஜினா முதல் நாளே சொன்னது ஒன்றுதான். கம்பியைப் பிடித்த கையை எந்த நேரத்திலும் எடுக்கக் கூடாது. இதெல்லாம் ஒரு பாடமா என்று தணிகாசலம் மனசுக்குள் சிரித்துக்கொண்டார்.

அன்று, சிறுநீரகம் பழுதான மரியபுஷ்பம் என்ற அம்மாவுக்கு, கழுத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து டயாலிசிஸ் குழாய் பொருத்தினார். முதலில் உள்ளே விட்ட வழிகாட்டிக் கம்பியின் மேல் குழாயைத் தள்ளும் மும்முரத்தில் கம்பியை விட்டுவிட்டார். குழாயோடு சேர்ந்து அதுவும் உள்ளே போய்விட்டது. எக்ஸ்ரே திரையில், இதயத்தைத் தாண்டி வயிறு வரை நீண்டு கிடந்தது.

"இப்பவே எடுக்கணும் சார்," என்றார் ரெஜினா, குரலைத் தாழ்த்தி.

"எடுத்துடலாம் மேடம். எடுத்தப்புறம் அவங்ககிட்ட சொன்னாப் போதும்ல?" என்று தணிகாசலம் காதோடு கேட்டார்.

ரெஜினா நோயாளியின் முகத்தை மூடியிருந்த பச்சைத் துணியை விலக்கிவிட்டு ஒதுங்கி நின்றார்.

மரியபுஷ்பம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "முடிஞ்சிட்டாய்யா?"

தணிகாசலம் அவர் முகத்தருகே குனிந்தார். "இல்லம்மா. பிடிச்சிருந்த கம்பியில இருந்து கையை எடுத்துட்டேன், அது உள்ள போயிடுச்சு. என் தப்பு. தொடை ரத்தக் குழாய் வழியா ஒரு சுருக்கு விட்டு, அதைப் பிடிச்சு இழுக்கணும்."

"உயிருக்கு?"

"ஆபத்து இருக்கும்மா. எடுக்காம விட்டா இன்னும் அதிகம்."

அந்த அம்மா ரெஜினாவைத் திரும்பிப் பார்த்தார். "எடுக்கப் போறது யாரு?"

"மேடம்தான். என்னைவிட நல்லா எடுப்பாங்க."

"அவுக பக்கத்துல நிக்கட்டும். நீங்களே எடுங்க."

"நானா? ஏம்மா?"

"இனிமே நீங்க கையை எடுக்க மாட்டீய."

ரெஜினா சுருக்கைத் தணிகாசலத்தின் கையில் கொடுத்தார். முதல் தடவை கம்பி சிக்கவில்லை. மறுபடி விட்டார், அப்போதும் தப்பியது. விடுவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு மீண்டும் விட்டார். நுனி மாட்டியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இழுத்தார். முழுசாக வந்தது. பெரிய மனுஷர் எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டார்.

கையுறையைக் கழற்றும்போதும் அவருக்கு மனசு ஆறவில்லை.

"சொல்லாம எடுத்திருந்தாலும் இதே கம்பிதானே மேடம் வந்திருக்கும்?"

"கம்பி வந்திருக்கும் சார்," என்றார் ரெஜினா. "நீங்க அந்தத் தப்புக்குள்ளயே மாட்டிக் கிடந்திருப்பீங்க."