அரை மதிப்பெண்

தணிகாசலம் மூன்று மாடி ஏறி மூச்சு வாங்க உள்ளே வந்தபோது மணி நாலேகால். ஐந்து மணிக்குக் கூரியர்காரர் வந்துவிடுவார். அவர் எடுத்துப்போகும் கார்டுப் பெட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வெளிநாட்டுக்குப் போகிறது. இன்றைக்கு விட்டால் அடுத்தது ஐப்பசியில்தான்.

மேசைக்கு அந்தப் பக்கம் நஸ்ரின் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். வயது முப்பத்திரண்டு. விளையாட்டுக் கார்டுகளுக்கு மதிப்பெண் போட்டு, உறையில் அடைத்துத் தரும் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தில் ஐந்து வருடம் வேலை பார்த்தவள். அதை விட்டுவிட்டு வந்து திருவல்லிக்கேணியில் இந்த ஒற்றை அறையைப் பிடித்திருந்தாள். ஊரில் கிரிக்கெட் கார்டு சேர்க்கிறவர்கள் எதை அங்கே அனுப்புவதென்றாலும் முதலில் இவளிடம்தான் காட்டினார்கள்.

தணிகாசலத்துக்கு அறுபத்தொன்று. டயர் தொழிற்சாலையில் முப்பது வருடம் தரச் சோதனையில் இருந்தவர். முதல் நாள் இங்கே வந்தபோது, "அப்பா இல்லையாம்மா?" என்று கேட்டார்.

"அப்பா வீட்டுல மீன் வளக்கறார். கார்டு நான்தான் பாக்கறேன்."

அதற்கப்புறம் இரண்டு வருடமாக, சனிக்கிழமை தவறாமல் அவள் எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து, ஒரு கார்டை எப்படிப் பார்ப்பது என்று கற்றுக்கொண்டு வருகிறார். இப்போது மேடம் என்றுதான் கூப்பிடுகிறார்.

பையைத் திறந்து கார்டை மேசைமேல் வைத்தார். ஒரு சுழற்பந்து வீச்சாளரின் முதல் வருடக் கார்டு. சுற்றிலும் கெட்டியான பிளாஸ்டிக் உறை. உறையின் தலையில் லேபிள். லேபிளில் பத்துக்கு ஒன்பதரை.

"என்ன சார், முடிவு பண்ணிட்டீங்களா?"

"நீங்க சொல்லுங்க மேடம். மறுபடி அனுப்பலாமா?"

"எப்படி அனுப்பறதா யோசனை? உறையோடயா, உடைச்சா?"

"உறையோட அனுப்பினா?"

"ஒன்பதரைக்குக் கீழ போகாது. மேலயும் ஏறாது. லேபிளைப் பாத்ததும் அதையே போட்டுத் திருப்பிடுவாங்க."

"உடைச்சா?"

"பழைய மார்க் போச்சு. புதுசா ஒரு கண்ணு பாக்கும். பத்து வரலாம். எட்டும் வரலாம். யாரோ கைவெச்சுச் சரிபண்ணின கார்டுன்னு தோணிச்சுன்னா மார்க்கே இல்லாமயும் வரலாம்."

தணிகாசலம் கடிகாரத்தைப் பார்த்தார்.

"இந்த ஒன்பதரை தப்பு மேடம். நாலு மாசமா சொல்லிட்டிருக்கேன். ஒரு கார்டை எவ்வளவு நேரம் பாப்பீங்க அங்க?"

"நாப்பது செகண்ட்."

"நாப்பது செகண்ட்! ஒரு டயருக்கே நான் நாலு நிமிஷம் எடுத்துக்குவேன். போன ஞாயித்துக்கிழமை கார்டு சேக்கறவங்க கூட்டத்துல அந்த ஜோதிபாசு என்ன சொன்னான் தெரியுமா? 'அரை மார்க்தானே அங்கிள், டியூஷன் வெச்சா வந்துடும்'ங்கிறான். அத்தனை பேரும் சிரிக்கிறாங்க. பத்து வாங்கின அவனோட கார்டை முன்வரிசையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள காட்சிக்கு வெச்சிருந்தாங்க. என்னோடது ரெண்டாவது வரிசை. ரெண்டும் ஒரே கார்டு மேடம்."

நஸ்ரின் இழுப்பறையிலிருந்து கட்டிங் பிளையரை எடுத்து, கார்டின் பக்கத்தில் வைத்தாள்.

"உடைச்சிடலாம். அதுக்கு முன்னாடி ஏன் பத்துன்னு எனக்குக் காட்டுங்க."

தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார். விளக்கைப் போட்டார். லென்ஸை எடுத்தார். இதற்காகவே காத்திருந்தவர்போலப் பேசினார். நாலு பக்கமும் விளிம்பு ஒரே அளவு. பரப்பில் கீறல் இல்லை. சாய்த்துப் பிடித்தால் வெளிச்சம் தடங்கலில்லாமல் ஓடுகிறது. மேல் இடது மூலை, கத்தியால் வெட்டியதுபோல. மேல் வலது, அதே. கீழ் வலது, அதைவிடச் சுத்தம். சொன்னதில் ஒன்றும் பிசகில்லை. எல்லாம் அவளிடம் கற்றதுதான்.

"அவ்வளவுதான் மேடம். இதுல எங்க அரை மார்க் குறையுது?"

"கீழ் இடது?"

"அதுவும் அப்படித்தான்."

"லென்ஸ் அங்க போகலையே சார்."

அவர் லென்ஸைக் கொண்டுபோனார். அது அந்த மூலையில் ஒரு கணம் நின்று, பந்து வீச்சாளரின் முகத்துக்குத் திரும்பிவிட்டது. அப்போதுதான் கவனித்தார். நஸ்ரினின் கைகள் மடியில் இருந்தன. அவள் இவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருந்தது அவர் முகத்தை.

"நீங்க கார்டையே பாக்கலையே."

"கொண்டுவர்றவங்க கண்ணு எந்த இடத்தைத் தாண்டிப் போகுதோ, நான் அங்கதான் பாக்க ஆரம்பிப்பேன்."

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. இரண்டாவது மாடியோடு நின்றுவிட்டது. நாலு ஐம்பது.

தணிகாசலம் லென்ஸைக் கீழே வைத்தார்.

"வாங்கும்போது அந்த மூலை லேசா மடங்கியிருந்தது. முடி அளவுதான். பட்டர் பேப்பரை மேல வெச்சு, ஸ்பூனோட பின்பக்கத்தால மெதுவா..."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு நாள். விட்டு விட்டு."

"அப்புறம் அனுப்பினீங்க."

"அப்புறம்தான் அனுப்பினேன். அவங்களே கண்டுபிடிக்கல மேடம். தொழிலே அதுதான் அவங்களுக்கு. அவங்க கண்ணுலயே படலன்னா அது சரியாயிடுச்சுன்னுதானே அர்த்தம்?"

நஸ்ரின் பிளையரை அவர் பக்கம் தள்ளினாள்.

"உடைங்க."

எடுத்தார். உறையின் ஓரத்தில் அதன் வாயைப் பொருத்தினார். அழுத்தினார். பிளாஸ்டிக் முனகியது. லேபிளுக்குக் கீழே நூல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு ஓடி நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் பிளந்துவிடும். பிளையர் வியர்வையில் வழுக்கியது. இன்னொரு அறையில், இன்னொரு விளக்கின் கீழே, யாரென்றே தெரியாத ஒருவர் நாற்பத்தோராவது செகண்டும் குனிந்து பார்ப்பது அவர் கண்முன் தெரிந்தது.

பிளையரைக் கீழே வைத்துவிட்டார்.

"வேண்டாம் மேடம்."

அவள் பிளையரை எடுத்து இழுப்பறையில் போட்டாள்.

"ஒன்பதரையே இருக்கட்டும். அவங்க போட்டது போட்டதுதான். அதை மாத்த நாம யாரு?" என்றார். அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தார். கைக்குட்டையால் உறையைத் துடைத்தார். லேபிள் மேலே தெரியும்படி பையில் வைத்து ஜிப்பை இழுத்தார். "ரெண்டாவது வரிசைன்னா என்ன மேடம், அங்கயும் நாலு பேர் பாக்கத்தானே போறாங்க?"

கூரியர்காரர் வந்தார். நஸ்ரின் எழுந்து பெட்டியைக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டாள். அவர் படியிறங்கிப் போகும் சத்தம் தெருவில் கலக்கும்வரை நின்றாள். பிறகு வந்து மேசை விளக்கை அணைத்தாள்.

"நாலு மாசமா இந்த ஒன்பதரை தப்புன்னு சொல்லிட்டிருந்தீங்க சார்" என்றாள். "தப்புதான்."